3200 என்று எழுதியிருந்தது, 1066 என்று காட்டியது

“மாமா, கடைக்காரர் என்னை நல்லா ஏமாத்திப்போட்டார்.”

பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் உடையார்கட்டுக்கு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய மருமகன் சொன்ன முதல் வார்த்தை இதுதான். முன்னால் உரப்பையில் சுற்றிக் கட்டியிருந்தது அவனுடைய கணினிப் பெட்டி. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படிக்கிறான். ஆறு மாதத்துக்கு முன் பாவித்த பெட்டியாக வாங்கியது. ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி புரொசசர், நாலு ஸ்லொட் உள்ள மதர்போட், எட்டு கிகாபைற்றில் இரண்டு டி.டி.ஆர்.4 றாம். வாங்கியபோது நன்றாக ஓடியது. போன கிழமையிலிருந்து விளையாட்டுகள் விக்கி விக்கி ஓடுகின்றன. காரணம் தேடி சிபியூ-செட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்திருக்கிறான்.

“றாமில 3200 எண்டு ஒட்டிக் கிடக்கு. இதில பாருங்கோ, 1066. மூண்டில ஒரு பங்கு.”

கணக்குச் சரி. 3200ஐ 1066ஆல் பிரித்தால் மூன்றுதான் வரும். ஆனால் அந்த மூன்றும் ஒரே இடத்தில் தொலையவில்லை. அதில் இரண்டு மடங்கு ஒருபோதும் தொலையவேயில்லை. மிச்சம் ஒன்றரை மடங்கு உண்மையாகவே தொலைந்திருந்தது. இவை இரண்டிலும் சேராத இன்னொரு இழப்பும் பெட்டிக்குள் இருந்தது, அதை அவன் காணவேயில்லை.

முதலில் அந்த இரண்டு மடங்கு. டி.டி.ஆர். என்பதன் பொருளே இரட்டைத் தரவு வேகம். றாமுக்குள் ஒரு கடிகாரத் துடிப்பு மேலேறிக் கீழிறங்குகிறது. பழைய வகை நினைவகம் துடிப்பு ஏறும்போது மட்டும் தரவை அனுப்பியது. டி.டி.ஆர். ஏறும்போது ஒரு தரம், இறங்கும்போது ஒரு தரம் அனுப்புகிறது. ஆகவே 3200 என்று ஒட்டப்பட்ட றாமின் மீடிறன் 1600 மெகாஹேட்ஸ்தான். 3200 என்பது ஒவ்வொரு கம்பியிலும் ஒரு செக்கனுக்கு 320 கோடி தரம் தரவு மாறுகிறது என்பதைக் குறிக்கிறது. விற்பனைத் தாள்களில் அதை மெகாஹேட்ஸ் என்று போடுவது பிழை. எல்லோரும் போடுகிறார்கள், திருத்தத்தான் ஆளில்லை. சிபியூ-செட் உண்மையான மீடிறனைக் காட்டும். விண்டோஸின் டாஸ்க் மனேஜர் இரட்டித்த எண்ணைக் காட்டும். ஒரே பெட்டியில் இரண்டு மென்பொருள் இரண்டு எண்ணைச் சொன்னால் பாவம், கடைக்காரர்தான் பேச்சு வாங்குவார்.

ஆக அவனுடைய றாம் ஓடியது 1066இல் அல்ல, 2133இல். 3200இல் ஓட வேண்டியது ஏன் 2133இல் ஓடியது?

ஒவ்வொரு றாமிலும் ஓரமாக ஒரு சின்னச் சிப் இருக்கிறது. அதில் தரவு எதுவும் வைப்பதில்லை. அது அந்த றாமின் சாதகக் குறிப்பு. என்ன அளவு, என்ன வேகம், எத்தனை வோல்ற்று, எந்தெந்த நேர இடைவெளி என்று எழுதியிருக்கும். கணினி எழும்பும்போது மதர்போட் முதலில் வாசிப்பது இதைத்தான். இதில் இரண்டு வகைக் குறிப்பு உண்டு. ஒன்று, ஜெடெக் என்ற சர்வதேசத் தரநிலை அமைப்பு வகுத்த பாதுகாப்பான வேகம். டி.டி.ஆர்.4இல் அது பெரும்பாலும் 2133, 2400 அல்லது 2666. மற்றது உற்பத்தியாளர் தன் பொறுப்பில் எழுதிய வேகமான குறிப்பு. இன்ரெல் அதற்கு எக்ஸ்.எம்.பி. என்று பெயர் வைத்தது, டி.டி.ஆர்.5 வந்த பிறகு ஏ.எம்.டி. 2022இல் எக்ஸ்போ என்று தன் பங்குக்கு ஒன்றைக் கொண்டுவந்தது. பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிடுவது இந்த இரண்டாவது எண்ணை. ஆனால் மதர்போட் தானாக எடுப்பது முதலாவதை. பயோஸுக்குள் போய் ஒருவர் அதை மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் வருடக்கணக்கில் ஓடும் பெட்டிகள் எங்கள் ஊரிலேயே பல இருக்கின்றன.

“அப்ப கடைக்காரர் அதைப் போடாமல் தந்திட்டார்?”

“போன கிழமை நீ இந்தப் பெட்டியை என்ன செய்தனி?”

யோசித்தான். யூரியூப்பில் பார்த்துத் துப்புரவாக்கியிருக்கிறான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இங்கே பெட்டிக்குள் புழுதி படைபடையாகக் கிடக்கும், துப்புரவாக்கியது நல்லதுதான். றாம் இரண்டையும் கழற்றி, பொன்முலாம் பூசிய பற்களை அழிறப்பரால் துடைத்திருக்கிறான். அதுவும் எல்லா ரிப்பெயார்க் கடையிலும் நடப்பதுதான், மெதுவாகச் செய்து துகள் ஸ்லொட்டுக்குள் விழாமல் பார்த்தால் சரி. அதோடு, மதர்போட்டில் இருக்கும் காசு அளவிலான பற்றரியையும் கழற்றிப் பூட்டியிருக்கிறான்.

அங்கேதான் வேலை கெட்டது. அந்தப் பற்றரியைக் கழற்றினால் பயோஸில் செய்து வைத்த தெரிவுகள் போய்விடும், மதர்போட் பழைய பாதுகாப்பான நிலைக்குத் திரும்பிவிடும். கடைக்காரர் 3200ஐப் போட்டுத்தான் கொடுத்திருக்கிறார். அதைக் கழற்றியது இவன்.

பெட்டியைத் திறந்தேன். அவன் காணாத அந்த இன்னொரு இழப்பு கண்ணுக்கு நேரே இருந்தது. நாலு ஸ்லொட்டில் இரண்டு றாமும் பக்கத்துப் பக்கத்தில், புரொசசரை ஒட்டிய முதல் இரண்டிலும் பூட்டியிருந்தன.

அது ஏன் பிழை என்று சொல்ல எங்கள் குளத்துக்குப் போக வேண்டும்.

உடையார்கட்டுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர்களுக்கு இரண்டு கேள்வி வேறு வேறு என்பது தெரியும். துருசைத் திறந்தால் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வரும் என்பது ஒன்று. திறந்த நேரத்திலிருந்து என் வரம்புக்குத் தண்ணீர் வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பது மற்றது. அகலமான வாய்க்கால் வெட்டினால் முதல் கேள்விக்குப் பதில் கூடும். கடைசி வயல்காரன் காத்திருக்கும் நேரம் அதனால் பெரிதாகக் குறையாது. நினைவகத்தைச் சோதிப்பது என்றால் இந்த இரண்டையும் தனித்தனியே அளப்பதுதான். ஒன்று, செக்கனுக்கு எத்தனை கிகாபைற் பாய்கிறது. மற்றது, கேட்ட முதல் பைற்று வந்து சேர எத்தனை நனோ செக்கன்.

பாயும் அளவுக்கு வாய்ப்பாடு சிறியது. ஒரு வாய்க்கால் 64 பிற்று அகலம், அதாவது எட்டு பைற்று. 3200ஐ எட்டால் பெருக்கினால் செக்கனுக்கு 25.6 கிகாபைற். ரைசன் 5 5600ஜி போன்ற சாதாரண டெஸ்க்டொப் புரொசசர்களுக்கு இப்படி இரண்டு வாய்க்கால் உண்டு, இரணைமடுக் குளத்துக்கு இடதுகரை வாய்க்காலும் வலதுகரை வாய்க்காலும் இருப்பதுபோல. இரண்டும் ஓடினால் 51.2. நாலு ஸ்லொட் மதர்போட்டில் முதல் இரண்டு ஸ்லொட்டும் ஒரு வாய்க்கால், அடுத்த இரண்டும் மற்ற வாய்க்கால். பக்கத்துப் பக்கத்தில் பூட்டினால் இரண்டு றாமும் ஒரே கரையில் நிற்கும். மறுகரை காய்ந்து கிடக்கும். இவனுடைய பெட்டியில் ஓடியது 2133, ஒற்றை வாய்க்கால். அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 17 கிகாபைற். 51.2இல் மூன்றில் ஒன்று. மூன்றில் ஒரு பங்கு என்று அவன் சொன்னது வேறு வழியால் உண்மையாகிவிட்டது.

காத்திருக்கும் நேரத்தை விளங்க, றாமின் உள்ளே பார்க்க வேண்டும். ஒரு பிற்றுக்கு ஒரு திரான்சிற்றர், ஒரு கொள்ளளவி. அவ்வளவுதான். ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த ரொபேட் டெனார்ட் 1968இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1970இல் இன்ரெல் விற்பனைக்கு விட்ட 1103 என்ற சிப் 1024 பிற்றுகளை வைத்திருந்தது. மருமகனின் ஒரு றாமில் ஏறத்தாழ 6,870 கோடி கொள்ளளவிகள். டெனார்ட் 2024இல்தான் இறந்தார். தன் யோசனை எங்கே போய் நின்றது என்பதைப் பார்த்துவிட்டே போனார்.

இந்த அமைப்பு மலிவு. ஆனால் கொள்ளளவி ஓட்டை வாளி. ஊற்றிய மின்னேற்றம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு வரிசையையும் 64 மில்லி செக்கனுக்கு ஒரு தரமாவது வாசித்துத் திரும்ப எழுத வேண்டும். இந்த வேலையை 8192 கூறாகப் பிரித்துச் செய்கிறார்கள், 7.8 மைக்ரோ செக்கனுக்கு ஒரு கூறு. எட்டு கிகாபிற்று டி.டி.ஆர்.4 சிப் ஒன்றுக்கு ஒரு கூறு முடிய 350 நனோ செக்கன் பிடிக்கும். கணக்குப் பார்த்தால் றாமின் நேரத்தில் நாலரை வீதம் நிரப்புவதற்கே போகிறது. சிப்பின் வெப்பம் 85 பாகையைத் தாண்டினால் 64ஐ 32 ஆக்க வேண்டும் என்கிறது தரநிலை. அப்போது இழப்பு இரட்டிக்கும். காற்றோட்டமில்லாத பெட்டியை நண்பகலில் தகரக் கூரையின் கீழ் வைத்து ஓட்டுகிறவர்கள் இதை மனதில் வைத்தால் போதும். பயப்பட வேண்டியதில்லை, சாதாரணப் பாவனையில் டெஸ்க்டொப் றாம் அந்தச் சூட்டை எட்டுவது குறைவு.

கொள்ளளவிகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பைற்று வேண்டுமென்றால் முதலில் அது இருக்கும் வரிசை முழுவதையும் திறக்க வேண்டும். பிறகு வரிசைக்குள் வேண்டிய நிரலைத் தொட வேண்டும். வேறு வரிசை வேண்டுமென்றால் திறந்ததை மூடிவிட்டு மற்றதைத் திறக்க வேண்டும். றாமில் 16-18-18-38 என்று ஒட்டியிருக்கும் எண்கள் இந்தத் திறத்தல், தொடுதல், மூடுதலுக்கான துடிப்புகளின் எண்ணிக்கை. முதல் எண், வரிசை திறந்திருக்கும்போது நிரலைத் தொட்டுத் தரவு வெளிவர எத்தனை துடிப்பு என்பது.

இங்கேதான் விளம்பரம் எங்களை ஏய்க்கிறது. 16 சிறியது, 40 பெரியது என்று பார்ப்பதில் பயனில்லை. துடிப்பின் நீளத்தால் பெருக்க வேண்டும். பழைய டி.டி.ஆர்.3 1333இல் எண் 9; துடிப்பு 1.5 நனோ செக்கன், ஆக 13.5. டி.டி.ஆர்.4 3200இல் எண் 16 என்றால் 10 நனோ செக்கன், தரநிலை எண்ணான 22 என்றால் 13.75. டி.டி.ஆர்.5 4800இல் எண் 40, அது 16.7. டி.டி.ஆர்.5 6000இல் எண் 30, திரும்பவும் 10. டி.டி.ஆர்.3 வந்தது 2007இல், டி.டி.ஆர்.5இன் தரநிலை வெளியானது 2020இல். இந்தக் காலத்தில் வாய்க்காலில் பாயும் அளவு பல மடங்கு கூடியது. துருசிலிருந்து வரம்புக்கு வரும் நேரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கொள்ளளவியின் சின்ன மின்னேற்றத்தை நீளமான கம்பியில் இறக்கி உணர்ந்தறிவது இயற்பியல் வேலை. அதை விற்பனைப் பிரிவு அவசரப்படுத்த முடியாது.

வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் வுல்ஃப், சாலி மக்கீ இருவரும் 1995இலேயே இதற்கு ‘நினைவகச் சுவர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். புரொசசர் வேகமாகிக்கொண்டே போகிறது, நினைவகம் பின்தங்குகிறது, ஒருநாள் புரொசசர் சும்மா காத்திருப்பதே வேலையாகும் என்பது அவர்களுடைய எச்சரிக்கை. அதற்குக் கண்ட பரிகாரம், வயலுக்குப் பக்கத்திலேயே துரவு தோண்டி வைப்பது. புரொசசருக்குள்ளே சிறிய, மிக வேகமான பதுக்கு நினைவகம். அடிக்கடி வேண்டியது அங்கே இருக்கும். மிக நெருங்கிய பதுக்கிலிருந்து எடுக்க ஒரு நனோ செக்கன் அளவில் போதும். மதர்போட்டைத் தாண்டி றாமுக்குப் போய்வர 60 முதல் 100 வரை ஆகும். மேலே சொன்ன 10, 14 எல்லாம் இந்தப் பயணத்தின் ஒரு துண்டு மட்டுமே.

மதர்போட் இதில் என்ன செய்கிறது? முன்பு நிறையச் செய்தது. நினைவகத்தை ஆளும் பகுதி ஒரு காலத்தில் மதர்போட்டில் தனிச் சிப்பாக இருந்தது. எந்த மதர்போட் என்பதைப் பொறுத்து வேகம் வெளிப்படையாகவே மாறும். ஏ.எம்.டி. 2003இலும் இன்ரெல் 2008இலும் அதை டெஸ்க்டொப் புரொசசருக்குள் கொண்டுபோய்விட்டன. இன்று மதர்போட்டிடம் மிஞ்சியிருப்பது கம்பிகள், மின்சாரம், பயோஸ்.

கம்பிகள் சின்ன விசயம் இல்லை. மதர்போட்டின் செப்புக் கோடுகளில் மின் சைகை ஒரு நனோ செக்கனுக்கு ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் போகும். 3200இல் ஒரு பிற்றுக்குக் கிடைக்கும் நேரம் 0.31 நனோ செக்கன். அதாவது ஒரு பிற்று கம்பியில் பிடிக்கும் இடம் ஐந்து சென்ரிமீற்றருக்கும் குறைவு. றாமிலிருந்து புரொசசருக்கு அதைவிடத் தூரம். முதல் பிற்று போய்ச் சேரும் முன்னரே அடுத்தது அதே கம்பியில் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றாகப் புறப்பட்டவை ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகக் கோடுகளின் நீளத்தைச் சமப்படுத்துகிறார்கள். ஸ்லொட்டுக்குப் பக்கத்தில் சில கோடுகள் பாம்புபோல நெளிந்து கிடப்பது அழகுக்கு அல்ல. பெட்டியைத் திறக்கும்போது வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், தெரியும்.

இப்போதைய நாலு ஸ்லொட் மதர்போட்டுகளில் பெரும்பாலும் ஒரே கோடு முதல் ஸ்லொட்டைத் தொட்டுக்கொண்டு இரண்டாவதுக்குப் போய் முடிகிறது. றாமை முதலாவதில் பூட்டினால், அதற்கு அப்பால் நீண்டுபோகும் வெறும் கம்பியின் முனையில் மோதிச் சைகை எதிரொலிக்கும். வாய்க்காலின் அடைத்த முனையில் அலை திரும்புவதுபோல. கடைசியில் பூட்டினால் எதிரொலிக்க மிச்சக் கம்பி இல்லை. அதனால்தான் கையேடு, புரொசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் பூட்டு என்கிறது. நாலையும் நிரப்பினால் பாரம் கூடி வேகம் விழும். டி.டி.ஆர்.5இல் இது கொடுமை: ரைசன் 7000 வரிசைக்கு ஏ.எம்.டி. இரண்டு றாமுக்கு 5200 என்று உறுதி தருகிறது, நாலு பூட்டினால் 3600 என்று. இருக்கும் இரண்டோடு இன்னும் இரண்டைச் சேர்த்தால் கணினி இன்னும் பறக்கும் என்று நினைத்துக் காசு கொடுப்பவர்கள் இந்த வரியை இரண்டு தரம் வாசிக்கலாம்.

பயோஸ், கணினி எழும்பும்போது ஒவ்வொரு கோட்டுக்கும் தரவை எந்த நுண்கணத்தில் வாசிப்பது என்று பரீட்சித்துப் பழகிக்கொள்கிறது. புது டி.டி.ஆர்.5 பெட்டி முதல் தரம் எழும்பும்போது சில நிமிடம் திரை கறுத்தே கிடப்பது இதனால். பழுதென்று நினைத்து இடையில் அணைத்தால் திரும்ப முதலிலிருந்து தொடங்கும்.

சரி, அளப்போம். அவசரக்காரர்கள் வேகத்தை மட்டும் அளப்பார்கள். எனக்குப் பிழை தேடுவதுதான் முக்கியம். பிழையாக ஓடும் றாம் வேகமாக ஓடி என்ன பயன்? சாதாரண டெஸ்க்டொப்பில், சேர்வர்களில் இருப்பதுபோல முழுமையான பிழை திருத்தும் ஏற்பாடு கிடையாது. ஒரு பிற்று புரண்டால் யாரும் சொல்லமாட்டார்கள், படம் ஒன்று திறக்காது, பெட்டி நீலத் திரையில் விழும். கூகிள் நிறுவனத்தின் சேர்வர்களை இரண்டரை வருடம் கவனித்து 2009இல் வெளியான ஆய்வு, வருடத்தில் எட்டு வீதத்துக்கும் மேலான றாம்களில் ஒரு பிழையாவது வந்ததாகச் சொன்னது. அதற்கு முன் அது மிக அபூர்வம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

பிழை தேட மெம்ரெஸ்ற்86 என்ற நிரல் போதும். கிறிஸ் பிரேடி 1994இல் எழுதத் தொடங்கியது. அதிலிருந்து கிளைத்த மெம்ரெஸ்ற்86+ இன்றும் இலவசம். யூ.எஸ்.பி.யில் போட்டு விண்டோஸ் இல்லாமலே ஓடவிட வேண்டும், விண்டோஸ் ஓடினால் அது பிடித்து வைத்திருக்கும் இடத்தைச் சோதிக்க முடியாது. நிரல் எல்லா இடத்திலும் ஒன்றுகளை எழுதி வாசிக்கும், பூச்சியங்களை எழுதி வாசிக்கும், மாறி மாறி எழுதி வாசிக்கும். அயல் கொள்ளளவியை மாற்றினால் இது மாறுகிறதா என்று பார்ப்பதுதான் உள்நோக்கம். வரிசைகள் அவ்வளவு நெருக்கம். ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடினால் பக்கத்து வரிசையின் பிற்றுகள் புரளும் என்று யூங்கு கிம், ஒனுர் முட்லு குழுவினர் 2014இல் காட்டினார்கள். வரம்பில் ஒருவன் திரும்பத் திரும்ப நடந்தால் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் கசிவதுபோல.

நாலு சுற்று ஓட மணித்தியாலக் கணக்கில் ஆகும். இரவில் விட்டுவிட்டுப் படுக்கலாம். போர்க்காலத்தில் வன்னியில் தேசிய மின்சாரமே இல்லை. கணினி என்றால் ஜெனரேற்றர் சத்தத்தோடுதான். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அந்தக் காலங்களில் இப்படி ஓர் இரவுச் சோதனை கற்பனை. இன்றைக்கு யூ.பி.எஸ். ஒன்று இருந்தால் முடியும். காலையில் பிழை பூச்சியம் என்றால் சரி. ஒரே ஒரு பிழை என்றாலும் சரியில்லை. இதில் ‘பரவாயில்லை’ என்ற புள்ளி கிடையாது.

பிறகு பாயும் அளவு. இதற்கு உலகம் முழுக்கப் பாவிப்பது ஸ்ட்ரீம் என்ற சிறிய நிரல். ஜோன் மக்கல்பின் 1990களின் தொடக்கத்தில் எழுதியது. வரிகள் சில நூறுதான். நாலே நாலு வேலை செய்யும்: ஒரு நீண்ட எண் வரிசையைப் பிரதி எடுப்பது, பெருக்கிப் பிரதி எடுப்பது, இரண்டு வரிசைகளைக் கூட்டுவது, பெருக்கிக் கூட்டுவது. இதை வைத்துப் பெரிய சுப்பர் கணினிகளையும் அளக்கிறார்கள், மருமகனின் பெட்டியையும் அளக்கலாம். மக்கல்பின் வைத்த நிபந்தனை ஒன்று முக்கியம். ஒவ்வொரு வரிசையும் பதுக்கு நினைவகத்தைவிடக் குறைந்தது நாலு மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். 5600ஜியில் பதுக்கு 16 மெகாபைற். ஆக 64 மெகாபைற்றுக்குக் குறையக் கூடாது. சின்ன வரிசை கொடுத்தால் எல்லாம் துரவிலேயே முடிந்துவிடும், அளந்தது குளத்தை அல்ல. இணையத்தில் நம்ப முடியாத எண்களைப் போட்டுப் பெருமை பேசுகிறவர்களில் பாதிப்பேர் துரவை அளந்தவர்கள்.

காத்திருக்கும் நேரத்தை அளப்பதில் ஒரு தந்திரம் உண்டு. புரொசசர் கெட்டிக்காரன், அடுத்து என்ன கேட்கப் போகிறோம் என்று ஊகித்து முன்கூட்டியே எடுத்து வைத்துவிடும். அதை ஏமாற்ற, நினைவகம் முழுக்கத் தாறுமாறாக ஒரு புதையல் வேட்டை வைக்கிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் அடுத்த இடத்தின் முகவரி மட்டும் இருக்கும். இதை எடுத்தால்தான் அதைக் கேட்கலாம். மொத்த நேரத்தை அடிகளின் எண்ணிக்கையால் பிரித்தால் உண்மையான காத்திருப்பு வெளியே வரும். எய்டா64 போன்ற மென்பொருள்கள் ஒரு பொத்தானில் இதையெல்லாம் செய்து தரும்.

வாய்ப்பாட்டின் எண் முழுவதும் ஒருநாளும் கிடைக்காது. நிரப்புதலும் திறந்து மூடுதலும் தின்றது போக எண்பது, தொண்ணூறு வீதம் கிடைத்தால் பெட்டி ஒழுங்காக இருக்கிறது. பாதிதான் கிடைத்தால் ஒரு வாய்க்கால் காய்ந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

நாங்கள் அளந்த விதம் சோம்பேறித்தனமானது என்றாலும் ஒழுங்கானது. கொப்பி ஒன்று எடுத்தோம். மற்ற மென்பொருள்களை மூடினோம். இருந்த நிலையில் மூன்று தரம் அளந்து எழுதினோம். றாமை இரண்டாவது, நாலாவது ஸ்லொட்டுக்கு மாற்றிப் பூட்டித் திரும்ப மூன்று தரம். பாயும் அளவு ஏறத்தாழ இரட்டித்தது, காத்திருப்பு அசையவில்லை. அதன் பிறகுதான் பயோஸில் 3200 குறிப்பைப் போட்டு மூன்று தரம். இப்போது இரண்டும் நல்லதாயின. இரண்டு மாற்றத்தையும் ஒன்றாகச் செய்திருந்தால் எது எதைத் தந்தது என்று தெரியாமலே போயிருக்கும். அன்றிரவு மெம்ரெஸ்ற் ஓடியது, பிழை பூச்சியம். குறிப்பை மாற்றினால் அதை ஓட்டியே ஆக வேண்டும். உற்பத்தியாளரின் எண் அவருடைய நம்பிக்கை, உங்கள் மதர்போட்டுக்கு அது ஒத்துவரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

விளையாட்டு விக்கல் நின்றது. 5600ஜியில் படம் வரையும் பகுதிக்குத் தனி நினைவகம் கிடையாது. அதுவும் இதே வாய்க்காலில் இருந்துதான் குடிக்கிறது. அதனால்தான் இவ்வளவு வித்தியாசம். தனிக் கிரபிக்ஸ் காட் பூட்டிய பெட்டியிலும், கடிதம் தட்டச்சு செய்யும் கந்தோர்ப் பெட்டியிலும், பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடப் பெட்டியிலும் இப்படி ஒன்றும் நடக்காது. அங்கே 3200க்கும் 3600க்கும் காசு கொடுப்பது வீண் என்பதே என் முடிவு. அளவு போதுமா, இரண்டு வாய்க்காலிலும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதிக வேக றாமுக்காக விலை கூடிய மதர்போட் வாங்குவது அதைவிட வீண். ஒரே புரொசசரும் ஒரே குறிப்பும் என்றால் மதர்போட்டுகளுக்கிடையே வரும் வித்தியாசம் கண்ணால் காணாத அளவு.

இப்போது இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் றாம் விலை கிடுகிடென்று ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரோன் நிறுவனம் குரூசியல் என்ற தன் நுகர்வோர் வணிகத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. இனி எங்கள் பக்கத்தில் பாவித்த றாம்தான் கூடக் கைமாறும். வாங்கும்போது ஒரு சுற்று மெம்ரெஸ்ற் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையான கடைக்காரர் மறுக்கமாட்டார்.

பெட்டியைத் திரும்ப உரப்பையில் கட்டும்போது மருமகன் கடைசியாக ஒரு தரம் சிபியூ-செட்டைத் திறந்து பார்த்தான். அது 1600 என்று காட்டியது. ஒன்றும் சொல்லாமல் மூடினான்.